கொல்லைப்புற அக்வாபோனிக்ஸ்: போர் தண்ணீரில் முதல் 90 நாள்

அக்வாபோனிக்ஸ் என்றால் மீன் தொட்டித் தண்ணீரை மோட்டாரால் செடித் தொட்டிக்கு ஏற்றி, மறுபடி மீனிடமே விடுவது; மீன் கழிவுதான் செடிக்கு உரம். இடம் 8 அடிக்கு 5 அடி. திருப்பூர் பக்கம், வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் கொல்லை. காலை 7 மணி முதல் மதியம் 1 மணி வரை வெயில் விழும். போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) 1100, பிஎச் 8.1. கடைசிவரை வேலை வாங்கியவை இந்த இரண்டு எண்கள்தான். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலும் "நாளாக ஆக பிஎச் இறங்கும், சுண்ணாம்பு போட்டு ஏற்றுங்கள்" என்றே இருக்கும். அது மழைநீரும் மென்னீரும் புழங்கும் ஊர்களுக்குச் சரி. கொங்குப் பக்கத்துக் கடின நீரில் பிஎச் இறங்கவே இறங்காது. அந்தக் கணக்கை முதலிலேயே போட்டுக்கொண்டால் பாதிச் செடியைக் காப்பாற்றலாம்.

நாள் 1 முதல் 6 வரை கட்டுமானம். பழைய 1000 லிட்டர் ஐபிசி டேங்க் (இரும்புக் கூண்டுக்குள் வரும் பிளாஸ்டிக் டேங்க்) ஒன்று. உள்ளே முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, உணவுப் பொருள் வந்த டேங்க் என்றால் மட்டும் வாங்கவும். சாயப்பட்டறையிலிருந்து வந்தது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிளாஸ்டிக்கில் ஊறியது கழுவினால் போகாது. கீழிருந்து 70 செ.மீ. உயரத்தில் கிரைண்டரால் வெட்டினால், கீழ்ப்பாதி மீன் தொட்டி. மேல் 30 செ.மீ. பகுதியைக் கவிழ்த்தால் அதுவே ஜல்லித் தொட்டி. டேங்க் வெள்ளையாக, ஒளி ஊடுருவும்படி இருப்பதால் வெளியே கறுப்புப் பெயிண்ட் ஒரு கோட், அதன்மேல் வெள்ளை இரண்டு கோட். கறுப்பு பாசியைத் தடுக்கும், வெள்ளை சூட்டைத் தள்ளும். கறுப்பை மட்டும் அடித்து விட்டால் சித்திரையில் மீன் வெந்துவிடும்.

எடையைப் பலரும் குறைவாக நினைக்கிறார்கள். 300 லிட்டர் ஜல்லி ஏறக்குறைய 480 கிலோ. இடைவெளியில் நிற்கும் தண்ணீர் 120 கிலோ. ஆக 600 கிலோ தலைக்குமேல் நிற்கிறது, அதற்குக் கீழே தொட்டியில் இன்னொரு 600 லிட்டர். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, ஹாலோ பிளாக் பரப்பி, ரசமட்டம் பார்த்த பிறகே தொட்டியை வைத்தோம். ஜல்லித் தொட்டியைத் தாங்க, கூண்டின் மேல் 40 மி.மீ. சதுரக் குழாய் மூன்று. மீன் தொட்டியின் முன்பக்கம் அரை அடி வெளியே தெரியும்படி ஜல்லித் தொட்டியைப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். அந்தச் சந்து இல்லாவிட்டால் தீனி போடவும் வலை விடவும் கை நுழையாது.

ஜல்லி முக்கால் இன்ச், பத்தரை கன அடி. கைப்பிடி ஜல்லியில் வினிகர் ஊற்றிப் பார்க்கவும். நுரைத்தால் சுக்கான் கல் கலந்திருக்கிறது, பிஎச்சை அது இன்னும் ஏற்றும், திருப்பி அனுப்பிவிடலாம். நல்ல கருங்கல் ஜல்லி நுரைக்காது. ஒவ்வொரு பாண்டுச் சட்டியையும் மூன்று தண்ணீரில் கழுவியே கொட்டினோம். அந்தக் கல்பொடி ஒருமுறை அடியில் படிந்துவிட்டால், ஜல்லி முழுவதையும் வெளியே அள்ளாமல் போகாது.

நாள் 7 முதல் 11 வரை சைபன், வேறொன்றும் இல்லை. ஜல்லித் தொட்டியில் தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறியதும் அதைத் தானாக உறிஞ்சி மீன் தொட்டிக்கு இறக்கும் குழாய் அமைப்பு இது. இதை அவசரப்படாமல் செய்யவும். நடுவில் ஒரு இன்ச் ஸ்டாண்ட் பைப், ஜல்லித் தொட்டியின் தரையிலிருந்து 25 செ.மீ. உயரம், தலையில் ஒன்றரைக்கு ஒன்று ரெடியூசர். அதன்மேல் கவிழ்க்கும் மணி, இரண்டரை இன்ச் பைப்பும் மூடியும். மணியின் அடியில் ஒரு இன்ச் உயரத்துக்குப் பற்கள் போல வெட்டு. வேரும் கல்லும் வராமலிருக்க, சுற்றிலும் துளையிட்ட 4 இன்ச் பைப் உறை. தரையை ஊடுருவும் இடத்தில் ரப்பர் வாஷரோடு டேங்க் நிப்பிள் போடவும். சிலிக்கான் பசை இந்தப் பிளாஸ்டிக்கில் ஒட்டாது. பிடித்ததுபோல் காட்டிவிட்டு ஒரு வாரத்தில் உரிந்து வரும்.

மோட்டார் மணிக்கு 600 லிட்டர் ஏற்றினால் 12 நிமிடத்தில் ஜல்லித் தொட்டி நிரம்பும், நாலைந்து நிமிடத்தில் காலியாகும். முதலில் ஓட்டியபோது தண்ணீர் ஸ்டாண்ட் பைப் விளிம்பில் சொட்டுச் சொட்டாக வழிந்ததே தவிர, சைபன் பிடிக்கவில்லை. வரத்து போதாததற்கு அடையாளம் இது. மோட்டார் குழாயின் வால்வைக் கொஞ்சம் திறந்ததும் பிடித்தது, ஆனால் விடவில்லை. அடிமட்டத்தில் தண்ணீர் நின்றபடி, வருவதும் போவதும் சமமாகி, மணிக்கணக்கில் அப்படியே ஓடியது. இரண்டுக்கும் நடுவே வால்வைத் திருப்பித் திருப்பி நிறுத்துவது தீர்வாகாது. மோட்டாரில் பாசி பிடித்து வரத்து குறைந்தால் மறுபடி கெடும். செய்ய வேண்டியவை இரண்டு. மணியின் மூடியில் 6 மி.மீ. காற்றுக் குழாயைச் செருகி, மறுமுனையை வெளிப்பக்கமாகக் கீழே இறக்கி, மணிப் பற்களின் மேல்மட்டத்தில் நிறுத்தினால் நீர் அங்கே இறங்கியதும் காற்று உள்ளே போய்ச் சைபன் பட்டென்று விடும். வெளியேறும் குழாயின் முனையில் ஒரு எல்போவும் அரை அடிக் குழாயும் போட்டால் சைபன் சீக்கிரம் பிடிக்கும். அந்த முனை மீன் தொட்டித் தண்ணீருக்குள் முங்கக் கூடாது, காற்று வெளியேற வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். சரியாக அமைந்த சைபன் "கொட கொட"வென்று ஆரம்பித்து, முடியும்போது ஒரு பெரிய உறிஞ்சல் சத்தத்தோடு நிற்கும். அடுப்படியில் இருந்தே அதைக் கேட்டுத் தொட்டி ஓடுகிறதா என்று சொல்லிவிடலாம்.

மோட்டாரைத் தொட்டியின் தரையில் வைக்காமல் ஒரு செங்கலை நிறுத்தி அதன்மேல் வைக்கவும். மேலே எங்காவது கசிந்தால், மோட்டார் தண்ணீரையெல்லாம் ஏற்றி வெளியே விட்டுவிடும். செங்கல் உயரத்துக்காவது மீனுக்குத் தண்ணீர் மிஞ்ச வேண்டும்.

நாள் 12 முதல் பாக்டீரியா வளர்ப்பு, மீன் இல்லாமல். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு செடி எடுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாகவும் மாற்றுவது இந்தப் பாக்டீரியாதான். போர் தண்ணீர் பாதி, சம்ப்பில் பிடித்த மழைநீர் பாதி. அம்மோனியாவுக்கு நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு). கட்டியாகக் கிடைப்பதில் என்ன கலந்திருக்கும் என்று தெரியாது, ஆய்வகத் தரத் தூளாக வாங்குவது நல்லது. மொத்தம் 700 லிட்டருக்கு 5 கிராம் போட்டால் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். பழைய மீன்தொட்டி ஃபில்டரின் பஞ்சை ஜல்லிக்குள் பிழிந்து விட்டோம். நாள் 19இல் நைட்ரைட் எட்டிப் பார்த்தது. நாள் 33இல், போட்ட 2 பிபிஎம் அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யம், நைட்ரைட்டும் பூஜ்யம். அதுவரை மீன் விடாதது ஏன் என்றால், அம்மோனியாவின் நஞ்சு பிஎச்சைப் பொறுத்தது. 28 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.7 சதவீதம்தான் நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் 6.5 சதவீதம். மென்னீரில் தப்பிக்கிற மீன் அதே அளவில் இங்கே செத்து மிதக்கும்.

நாள் 34: நான்கு இன்ச் கோய் கெண்டை 30. கடின நீரைத் தாங்கும் என்பதற்காகவே கோய். கிஃப்ட் திலேப்பியாவுக்கு மீன்வளத்துறை அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி நாடு முழுக்கத் தடைசெய்யப்பட்டது, குஞ்சு கிடைக்கிறது என்று யார் சொன்னாலும் வாங்க வேண்டாம். தீனி நாளுக்கு 18 கிராமில் ஆரம்பம், தராசில் நிறுத்து. எத்தனை மீன் என்பதைவிட எத்தனை கிராம் தீனி என்பதே செடிக்குக் கணக்கு. வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் அக்வாபோனிக்ஸ் ஆய்வாளர் ஜேம்ஸ் ரகோசி கொடுத்த, சதுர மீட்டருக்கு நாளுக்கு 60 முதல் 100 கிராம் தீனி என்பது, செடியைத் தண்ணீரில் மிதக்கவிடும் மிதவைத் தட்டு முறைக்கு. ஜல்லித் தொட்டியில் கீரைக்கு 40 முதல் 50 கிராம் போதும்.

பாலக், தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, புதினா வைத்தோம். நாள் 47இல் பாலக்கின் கொழுந்து வெளிறியது. இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை, அடி இலைகள் நன்றாக இருந்தன. கொழுந்தில் தொடங்கினால் இரும்புச்சத்துக் குறை; தழைச்சத்துக் குறையென்றால் அடி இலையில் தொடங்கும். உரக்கடையில் சாதாரணமாகத் தருவது இடிடிஏ இரும்பு. பிஎச் 7.9இல் அது கரைந்து நிற்காது, போட்ட காசு தண்ணீரில்தான். இடிடிஎச்ஏ இரும்பு என்று கேட்டு வாங்கவும், 6 சதவீதத் தூள் 20 கிராம். தண்ணீர் கட்டன் டீ நிறத்துக்கு மாறும், மீனுக்கு ஒன்றும் ஆகாது. பத்து நாளில் புதுக் கொழுந்து பச்சையாக வந்தது, வெளிறிய இலை வெளிறியபடியே நின்றது. "எல்லாச் சத்தும் சேர்ந்தது" என்று நுண்ணூட்டக் கலவையைக் கொடுத்தால் மறுத்துவிடவும். அதில் தாமிரம் இருக்கும், மீனுக்கு விஷம்.

இரும்பு போடுவது தற்காலிகம். உள்ளபடி மாற்ற வேண்டியது தினமும் ஊற்றும் தண்ணீரை. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை பாக்டீரியா மாற்றும்போது 7.14 கிராம் காரத்தன்மை (பிஎச்சை இறங்கவிடாமல் தாங்குவது) செலவாகிறது. ஆகவே பிஎச் தானாக இறங்கத்தான் வேண்டும். ஆனால் ஆவியாவதும் செடி குடிப்பதுமாக நாளுக்கு 10 முதல் 15 லிட்டர் குறைகிறது. அதைப் போர் தண்ணீரால் நிரப்பினால் செலவான காரம் அன்றன்றைக்கே திரும்பி வந்துவிடும். நாள் 52 முதல் மழைநீர் மட்டும் ஊற்றியதில் 7.9 இருந்தது நாள் 70இல் 7.4, நாள் 88இல் 7.0. எலுமிச்சை பிழிவது, சிட்ரிக் அமிலம் கரைப்பது எல்லாம் பாக்டீரியாவைக் கெடுக்கும். ஆர்ஓ கழிவுநீர் போர் தண்ணீரைவிட மோசம்.

புதினாவைச் சைபன் பக்கம் வைத்தது தப்பு. நாள் 63இல் வேர் உறைக்குள் நுழைந்து சைபன் விடாமல் ஓடியது. பிடுங்கி எதிர்மூலைக்கு மாற்றினோம். அசுவினிக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதோடு சரி. வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் சொட்டினால் நேரே மீனிடம்தான் போகும்.

நாள் 90: தீனி 40 கிராம், மீன் சாவு 2, அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 40 பிபிஎம், வெப்பநிலை 29. தண்டுக்கீரை மூன்று அறுப்பு, பாலக் இரண்டு. மின்சாரம் போனால் தாங்க 12 வோல்ட் காற்றுப் பம்பும் பேட்டரியும் இணைத்தாகிவிட்டது. இதை மீன் விடும் அன்றே செய்திருக்க வேண்டும், இரவில் மின்சாரம் நின்றால் விடியும்வரை மீன் காத்திருக்காது. வரும் வாரம் 50 சதவீத நிழல்வலை கட்டி, ஜல்லிக்குள் ஒரு கைப்பிடி மண்புழு விட வேண்டும். சம்ப்பில் மழைநீர் இன்னும் 900 லிட்டர் இருக்கிறது, இரண்டு மாதத்துக்கு வரும்.