புரட்டாசி சனிக்கிழமையும் பனிமனிதனும்

சனிக்கிழமை மாலையிலிருந்து அம்மா என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், 1990-இல் வெளிவந்த ‘கிங்ஸ் குவெஸ்ட் 5’. சின்னவனுக்கு அந்த விளையாட்டை மடிக்கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டு நான் மாவு அரைத்துவரப் போயிருந்தேன். அந்த நேரத்தில் அம்மா வழக்கம்போல அவன் பின்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மவுஸைத் தொடாமலேயே ஆட்சியைக் கைப்பற்றிவிட்டார்.

பனிமலையில் விளையாட்டின் நாயகனான கிரஹாம் மன்னருக்குப் பசி வருகிறது. கைவசம் இருப்பவை, விடுதியில் எடுத்த ஆட்டுக்காலும் பேக்கரியில் வெள்ளிக்காசு கொடுத்து வாங்கிய கஸ்டர்டு பலகாரமும். “புரட்டாசி சனிக்கிழமையும் அதுவுமா ஆட்டுக்காலா? அந்தப் பலகாரத்தைத் தின்னச் சொல்லுடா” என்று உத்தரவாகியிருக்கிறது, மன்னரும் தின்றுவிட்டார். விளையாட்டு முனகவில்லை. ஆபத்து, ஆபத்து என்று அலறுவதையே தொழிலாகக் கொண்ட செட்ரிக் என்னும் ஆந்தைகூட, நாட்டாமை வீட்டு விருந்தாளியைப் போல் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டது.

அதன்பிறகு யாழ் மீட்டிப் பனி அரசியின் மனத்தைக் கரைத்து, அவள் சொன்ன குகைக்குப் போனால், யெட்டி என்னும் பனிமனிதன் பாய்ந்து வருகிறான். அவனை வெல்ல ஒரே வழி, அந்தப் பலகாரத்தை அவன் மூஞ்சியில் வீசுவது. பலகாரமோ மன்னரின் வயிற்றில். சின்னவன் ஆட்டத்தை ஒரே இடத்தில் பழையதன் மேலேயே சேமித்து வைத்திருந்ததால், திரும்பிப் போகவும் வழியில்லை.

“பசித்தவன் சாப்பிட்டது குற்றம், சாப்பாட்டை வீசி எறிவது சாமர்த்தியமா?” என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. புதிர் கடினமாக இருப்பதில் எனக்கு வருத்தமே கிடையாது. 1999-இல் வந்த ‘கேப்ரியல் நைட் 3’ என்னும் விளையாட்டில், பூனையின் முடியை ஒட்டுநாடாவில் பிடித்து, இனிப்புப் பாகு தடவி மீசையாக ஒட்டிக்கொண்டு, மீசையே இல்லாத நண்பனைப் போல் வேடமிட்டு மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுக்க வேண்டும். அந்த நண்பனின் பாஸ்போர்ட் படத்திலும் நாமே மீசை வரைய வேண்டும். அது பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் துரோகம் அல்ல. தோற்றதைச் சொல்லாமலேயே மேலும் மேலும் நடக்க விடுவதுதான் துரோகம். எடுக்க மறந்த ஒரு பொருளுக்காக ஆட்டக்காரரை அலைக்கழிக்கக் கூடாது என்று விளையாட்டு வடிவமைப்பாளர் ரான் கில்பர்ட் 1989-லேயே எழுதிவிட்டார். மறுவருடம் அவருடைய ‘தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்’ வந்தது. அதன் நாயகன் சாக வேண்டுமானால், நாம் அவனைப் பத்து நிமிடம் தண்ணீருக்கடியில் சும்மா நிறுத்தி வைக்க வேண்டும்.

இதையெல்லாம் விளக்கியும் அம்மா சமாதானமாகவில்லை. இன்று காலை, முதலிலிருந்து தொடங்கிய சின்னவனிடம், “இந்தத் தடவை பேக்கரியில் ரெண்டு வாங்கு, ஒண்ணு சாப்பிட, ஒண்ணு எறிய” என்றார். மன்னரிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளிக்காசுதான் என்றேன்.

“என்ன மன்னரோ” என்று எழுந்து போய்விட்டார்.