ஃபைல் ஒன்றுக்கு எவ்வளவு ஆகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை நம்பிப் பிழைக்கிற, சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கிற க்ளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் ஒன்றில் கணக்கு வழக்கு என் பொறுப்பு. பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் என்று வந்து குவிகிற பிடிஎஃப்களைப் படித்துச் சொல்ல ஒரு ஏஐ உதவியாளர் வைத்திருக்கிறோம். கோயம்புத்தூரிலிருந்து கான்ட்ராக்டில் வந்திருக்கும் தம்பி ஒருவன் கட்டிக்கொடுத்தது. ஆளுக்கு இவ்வளவு என்ற மாதச் சந்தா கிடையாது, ஓடின டோக்கனுக்குக் காசு. டோக்கன் என்பது ஏஐ எழுத்தை எண்ணுகிற சின்னத் துண்டு. கழிவது டாலரில், வலிப்பது ரேண்டில்.

பில் ஏறத் தொடங்கியதும் முதலாளி என்னிடம் கேட்டது ஒரு பெயர்ப் பட்டியல். அதிகம் பயன்படுத்துகிறவர் யார் யார் என்று வரிசையாக வேண்டுமாம். சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், நல்ல மனுஷர், ஆனால் பெட்ரோல் ஸ்லிப்பைக்கூட இரண்டு தடவை பார்க்கிற ஆள். நான் பட்டியல் தரவில்லை. பெயரைச் சுவரில் ஒட்டினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்: எல்லோரும் சொந்த ஃபோனில் இலவச ஆப்பைத் திறந்து வாடிக்கையாளரின் இன்வாய்ஸை அதில் ஒட்டுவார்கள். 2021 ஜூலை 1 முதல் பாப்பியா (தனிநபர் தகவல் பாதுகாப்பு) சட்டம் முழுசாக நடைமுறையில் இருக்கிற நாட்டில், யாருடைய ஐடி நம்பர் யார் ஃபோனுக்குள் போனது என்று பிறகு தேடிக்கொண்டிருக்க முடியாது. பில் மட்டும் அழகாகக் குறைந்திருக்கும்.

பட்டியலுக்குப் பதில் தம்பியை உட்காரவைத்து, காசு எங்கே போகிறது என்று கேட்டேன்.

"ஆளைப் பாக்காதீங்கக்கா, நீளத்தைப் பாருங்க" என்றான்.

விஷயம் இதுதான். நாம் பேசியது எதுவும் அந்த உதவியாளருக்குப் பின்னால் ஓடுகிற ஏஐ மாடலுக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் முதலிலிருந்து முழு உரையாடலும், இணைத்த ஆவணத்தோடு, திரும்ப அனுப்பப்படுகிறது. எங்கள் இம்போர்ட் மேசையில் காலையில் ஒரு பெரிய ஒப்பந்தத்தை இணைத்துவிட்டு, அதே உரையாடல் ஜன்னலில் சாயங்காலம் வரை வேறு வேறு ஷிப்மென்ட் ஃபைல்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். ஒப்பந்தம் 20,000 டோக்கன் என்று வையுங்கள். 30 கேள்வி கேட்டால், அந்த ஒப்பந்தம் மட்டுமே 6 லட்சம் டோக்கன். 2025-இல் வந்த கிளாட் சோனெட் 4 மாடலுக்கு, 10 லட்சம் உள்ளீட்டு டோக்கனுக்கு (நாம் அனுப்புவதற்கு) 3 டாலர் என்ற விலையில் இது 1.80 டாலர். டாலருக்கு 18 ரேண்ட் என்று போட்டால் 32 ரேண்டுக்கு மேல். இதில் பாதிக் கேள்விக்கு ஒப்பந்தமே தேவைப்பட்டிருக்காது!

இதற்கு கிளாட்டில் 'கேஷிங்' என்று ஒரு வழி உண்டு. ஒரே ஆவணம் திரும்பத் திரும்பப் போனால், இரண்டாம் தடவையிலிருந்து பத்தில் ஒரு பங்கு விலைதான். முதல் தடவை மட்டும் கால் பங்கு கூடுதல். அதே 30 கேள்வி கிட்டத்தட்ட 25 சென்ட்டில், அதாவது நாலரை ரேண்டில் முடிந்துவிடும். ஒரு நிபந்தனை: ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் அது அழிந்துவிடும். எங்கள் ஆபீஸில் ஒரு டீ ஐந்து நிமிடத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே கேஷிங்கை மட்டும் நம்பிப் பயனில்லை என்று, ஃபைல் நம்பர் மாறினால் புது உரையாடல் தானாகவே திறக்கிற மாதிரி தம்பி மாற்றிவிட்டான்.

அடுத்தது மெயில். இன்பாக்ஸைத் தானாகப் படித்துப் பிரிக்கிற ஒரு வேலையும் இதே உதவியாளர் தலையில் இருக்கிறது. ஒரு கன்டெய்னரைப் பற்றிய மெயில் நாலு பேருக்குள் போய்வந்தால், ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் பழைய மெயில் முழுக்கத் தொங்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பாப்பியா எச்சரிக்கை, வைரஸ் எச்சரிக்கை, 'அச்சிடும் முன் மரங்களை நினையுங்கள்' எல்லாம் இருக்கும். ஷிப்பிங் லைன் எழுதிய விஷயம் ஒரே வரி: கப்பல் இரண்டு நாள் தாமதம். அந்த ஒரு வரிக்காக மாடல் ஒரு பக்கம் சட்ட வாசகத்தைப் படித்துக்கொண்டிருந்தது, காசு வாங்கிக்கொண்டு. இப்போது அடிக்குறிப்பையும் பழைய மெயிலையும் வெட்டிவிட்டுத்தான் அனுப்புகிறோம். அதுவும் சின்ன மாடலுக்கு. மெயில் பிரிக்கிற வேலைக்குப் பெரிய மாடல் எதற்கு? 2024 கடைசியில் ஓப்பன்ஏஐயின் ஜிபிடி-4ஓ மாடலுக்கு 10 லட்சம் உள்ளீட்டு டோக்கன் 2.50 டாலர், அதன் சின்ன வடிவமான மினிக்கு 15 சென்ட் என்று இருந்தது.

தமிழுக்குத் தனி வரி கட்டிய காலமும் உண்டு. தூத்துக்குடியில் எங்களுக்குச் சரக்கு அனுப்புகிற சிலருக்கு நான் தமிழில்தான் கடிதம் தயார் செய்வேன். முன்பெல்லாம் மாடல்கள் தமிழை எழுத்து எழுத்தாக நொறுக்கி எண்ணும். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓப்பன்ஏஐ காட்டிய உதாரணத்தில், 116 டோக்கனாக இருந்த ஒரு தமிழ்ப் பத்தி 35 ஆகச் சுருங்கியிருந்தது. அதே பத்தி ஆங்கிலத்தில் 24. இன்னும் கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதற்காக ஆங்கிலத்துக்கு மாறுகிற அளவுக்கு இல்லை.

முதலாளி, பேசாமல் ஆளுக்கு இவ்வளவு என்று கட்டிவிடலாமே என்றும் கேட்டார். மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட் ஆளுக்கு மாதம் 30 டாலர் என்றுதான் வந்தது. சுமார் 540 ரேண்ட். யார்டில் நிற்கிறவர் மாதத்தில் ஒரு தரம் எட்டிப் பார்த்தாலும் அதே 540. எங்களுக்கு அது ஒத்துவராது. நாள் முழுக்க எல்லோரும் எழுதிக்கொண்டே இருக்கிற வக்கீல் ஆபீஸுக்கு ஒத்துவரலாம்.

வரம்பு போடுவதில்தான் எனக்கும் தம்பிக்கும் கொஞ்சம் வாக்குவாதம். எல்லா மேசைக்கும் ஒரே மாதிரி உச்சவரம்பு வைத்து, தொட்டதும் நின்றுவிட வேண்டும் என்றான். கப்பல் வந்து நிற்கிற நாளில் நின்றுபோனால் என்ன செய்வது? கன்டெய்னர் துறைமுகத்தில் கூடுதலாக ஒரு நாள் கிடந்தால் ஆகிற ஸ்டோரேஜ் கட்டணத்துக்கு முன்னால் இந்த ஏஐ செலவு தூசு. கடைசியில் இப்படி முடிவானது: மனிதர்கள் இருக்கிற மேசைக்கு வரம்பின் 80 சதவீதத்தில் எச்சரிக்கை மட்டும் வரும், அது எனக்கு வரும். ஆள் இல்லாமல் தானாக ஓடுகிற மெயில் வேலைக்கு மட்டும் கண்டிப்பான வெட்டு. ராத்திரி ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற சுற்றில் மாட்டிக்கொண்டால் நிறுத்த ஆள் இருக்காது.

எச்சரிக்கையைவிட அதிகம் வேலை செய்தது வேறு ஒன்று. எங்கள் வீட்டில் மின்சாரம் ப்ரீபெய்ட். மீட்டரில் யூனிட் குறைவது கண்ணுக்குத் தெரிவதால் கீசரை அணைக்கச் சொல்லி யாரும் யாரையும் ஏவ வேண்டியதில்லை. அதே மாதிரி உரையாடல் ஜன்னலுக்குக் கீழே, இந்த ஃபைலுக்கு இதுவரை எத்தனை ரேண்ட் என்று சின்ன எழுத்தில் போடச் சொன்னேன். யார் பெயரும் இல்லை. பதிலையும் சுருக்கிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "எச்எஸ் கோடு (சரக்கை வகைப்படுத்தும் சுங்க எண்), காரணம் ஒரு வரி, போதும்." வெளியீட்டு டோக்கன், அதாவது மாடல் எழுதுகிற பதில், உள்ளீட்டைவிட நாலைந்து மடங்கு விலை என்பதை நான் வகுப்பெடுத்துச் சொல்லவே இல்லை.

முதலாளிக்கு இப்போது போவது ஃபைல் நம்பர் வாரியான அறிக்கை. எந்த ஷிப்மென்டுக்கு எவ்வளவு, அதில் நாம் வாங்கின கட்டணம் எவ்வளவு. மேலே இருப்பவை எல்லாம் பழைய யந்திர உதிரிப்பாகங்கள் வருகிற ஃபைல்கள். இன்வாய்ஸ் நீளம், எச்எஸ் கோடு குழப்பம். அந்த வாடிக்கையாளருக்குக் கட்டணத்தை ஏற்றலாமா என்று அவர் யோசிக்கிறார்.

மிச்சம் இருப்பது பழைய ஃபைல்கள். சுங்கப் பதிவுகளை ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அவற்றை வகைப்படுத்தும் வேலை பாக்கி. அவசரம் இல்லாததால் பேட்ச்சில் போடுகிறோம். பதில் 24 மணி நேரத்துக்குள் வந்தால் போதும் என்றால் விலை பாதி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அனுப்பிவிட்டுக் கிளம்புகிறேன்.