ட்ரஃபிள் தேடிப் போகிறவர்களே, மரத்தின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்

ட்ரஃபிள் என்கிற, மண்ணுக்குள் விளையும் உருண்டைக் காளானை எப்படித் தேடுவது என்று எம்.எஸ்ஸி. புராஜெக்ட்டுக்குப் பூஞ்சையை எடுத்தவர்கள் சிலர் என்னிடம் கேட்டதால் எழுதுகிறேன். எனக்குச் செங்கோட்டை. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் தென்மலை, குளத்துப்புழை என்று மழைக்காடு தொடங்கிவிடும். அங்கேதான் மண்ணைக் கிளறக் கற்றேன்.

ட்ரஃபிள் என்றதும் பலர் ட்யூபர் என்ற ஒரே பேரினத்தை நினைக்கிறார்கள். உண்மையில் ட்ரஃபிள் என்பது ஒரு வடிவம் மட்டுமே. குடை விரிக்காமல் மண்ணுக்குள்ளேயே உருண்டையாக முதிர்ந்து, வாசனையால் விலங்குகளை இழுத்து வித்துகளைப் பரப்பும் வாழ்க்கை முறை அது. ருசுலா, போலீட்டஸ் போன்ற பல குடைக்காளான் வம்சங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ரைசோபோகன் என்ற உருண்டைக்குச் சுயில்லஸ் என்ற குடைக்காளான் நெருங்கிய சொந்தம் என்பதை 1989-இல் டிஎன்ஏ ஒப்பீடு காட்டியது. ஆகவே வெளித்தோற்றத்தை வைத்துப் பெயர் சூட்டாதீர்கள்.

எங்கே தோண்டுவது? இவற்றில் பெரும்பாலானவை மரவேரோடு கூட்டு வாழ்பவை. எல்லா மரமும் அதற்கு உதவாது. நம் மேற்கு மலையில் வெள்ளைப்பயின் என்கிற குங்கிலிய மரம், தம்பகம் ஆகியவற்றின் அடியில் தேடுங்கள். தென்னமெரிக்காவின் கயானாவில் டைசிம்பி மரக்காடுகளில் தேடியவர்கள் 2015-இல் ஒரே கட்டுரையில் மூன்று புதிய பேரினங்களை விவரித்தார்கள். மரத்தை அறிந்து தேடியதன் பலன் அது.

என் முதல் உருண்டையை நான் வீணாக்கினேன். வனத்துறை வாட்சர் அண்ணன்தான் "மோளே, இது கிழங்கில்ல, பாரு" என்று காட்டினார். மகிழ்ச்சியில் அதை மற்ற காளான்களோடு பிளாஸ்டிக் கவரில் போட்டேன். சாயங்காலம் வியர்த்துக் குழைந்துவிட்டது. எந்த மரத்தடி என்று எழுதவில்லை, வெட்டுமுகத்தைப் படம் எடுக்கவில்லை. பிறகு அதன் ஐடிஎஸ் வரிசை, அதாவது பூஞ்சையை இனம் காண உதவும் டிஎன்ஏ பகுதியின் வரிசை, கிடைத்தது. எதனோடும் சரியாகப் பொருந்தவில்லை. புதிய இனமாகவே இருக்கலாம். ஆனால் வரிசையை மட்டும் வைத்து நான் எதை விவரிப்பது? இன்றும் அதன் மிச்சம் இருக்கும் பெட்டியைத் திறந்தால் மனசு கனக்கிறது.

அதனால் எடுத்த இடத்திலேயே நடுவாக நெடுக்கில் வெட்டுங்கள். உள்ளே குடையின் அடியில் வரும் செவுள் மடிப்புகளின் கோடுகள் தெரிந்தால் அது விரியாத மொட்டுக் காளான்; கொழகொழவென்ற உறைக்குள் தண்டு தெரிந்தால் நாறும் காளானின் முட்டை. இரண்டும் இல்லையென்றால் நிறத்தை எழுதி, சில நிமிடம் காத்திருந்து, நிறம் மாறுகிறதா, பால் கசிகிறதா, என்ன வாசனை என்று குறியுங்கள். காய்ந்தபின் இவை திரும்பக் கிடைக்காது. பட்டர் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றி, அன்றிரவே மிதமான சூட்டில் உலர்த்துங்கள். ஆய்வகத்தில் மெல்சர் என்ற அயோடின் கரைசலில் வித்தின் முள்கள் கருநீலமானால் ருசுலா பக்கம் பாருங்கள்.

அப்புறம் காகித வேலை. வனத்துறை அனுமதிக்கு மழைக்காலம் வருவதற்குப் பல மாதம் முன்பே எழுதுங்கள். ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போச்சு. 2002 பல்லுயிர்ச் சட்டப்படி புதிய இனத்தின் மாதிரியை அரசு குறித்த களஞ்சியத்தில் ஒப்படைக்க வேண்டும். 2013 முதல் பூஞ்சைப் பெயருக்குப் பதிவெண்ணும் கட்டாயம்.

தோண்டிய குழியைத் திறந்து விட்டுவிட்டு வராதீர்கள். மெல்லிய வேர்நுனிகளும் அவற்றைச் சுற்றிய பூஞ்சை இழையும் காய்ந்துவிடும். மண்ணைத் தள்ளி, சருகைப் பழையபடி மூடிவிடுங்கள்.