கனடாவில் அப்பா சேர்த்த சதங்கள்

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், சமையலறை அலுமாரியின் மேலோ கட்டிலின் கீழோ, ஒரு சதக் குற்றிகள் நிறைந்த வாளி ஒன்று இருந்தது. விற்பனை வரிதான் அந்த வாளிகளை நிரப்பியது. அந்நாளில் ஒன்ராறியோவில் மத்திய அரசின் வரி 7 வீதமும் மாகாண வரி 8 வீதமும் இருந்தபடியால், 1.99 டொலர் என்று விலை ஒட்டிய சவர்க்காரப் பொதிக்கு 2.29 டொலர் கட்டவேண்டும்; ஐந்து டொலர்த் தாளை நீட்டினால் மிச்சமாக வரும் 2.71 டொலரில் ஒரு சதக் குற்றியும் கூடவே வந்துவிடும். அடுத்த முறை அதை எண்ணிக் கொடுக்கப் பின்னால் வரிசையில் நிற்பவர்களின் பொறுமை இடங்கொடாது. ஆகவே அது வீட்டுக்கு வந்து வாளிக்குள் விழும்.

நாங்கள் ஸ்பொன்சர் செய்து அழைத்த அப்பா, ஊரிலே பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். நாற்கோண ஐந்து சதமும் நெளிவிளிம்புப் பத்துச் சதமும் புழங்கிய காலத்தில், அன்றைய கணக்கு ஒரு சதம் பிசகினாலும் அதைக் கண்டுபிடிக்காமல் பேரேட்டை மூடாதவர். அப்படிப்பட்டவருக்கு, நடைபாதையில் கிடக்கும் சதத்தைக் குனிந்து எடுக்க ஒருவரும் இல்லாத ஒரு நாடு விளங்கவே இல்லை. கடைகளில் காசுப் பெட்டிக்கு அருகே சிறு தட்டொன்று இருக்கும். வேண்டாத சதங்களைச் சிலர் அதில் போட்டுவிட்டுப் போவார்கள், தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளலாம். அப்பா அத்தட்டிலிருந்து ஒரு நாளும் எடுத்ததில்லை. யாரோ இன்னொருவருக்கென்று விட்டுச் சென்றது என்பார். தெருவில் கிடந்தவற்றை மட்டும் பொறுக்கி வந்து, புளி போட்டு மினுக்கி, வாளியில் சேர்த்தார்.

சதங்களைச் சுருட்டும் கடதாசிக் குழல்களை வங்கி இலவசமாகவே தந்தது. ஒரு குழலுக்கு ஐம்பது குற்றிகள். மாலை வேளைகளில் அப்பா மேசையில் துணி விரித்து, பேரப்பிள்ளைகளை இருபுறமும் இருத்தி, தமிழில் எண்ண வைப்பார். என் மகள் ஐம்பது வரை தடையின்றிச் சொல்லப் பழகியது அந்த மேசையில்தான். எல்லாக் குழல்களும் ஒரே நிறையில் இல்லை என்பதை முதலில் கவனித்தவரும் அப்பாவே. அவருடைய கை சொன்னது சரி. 1979 வரை வந்த வட்டச் சதம் 3.24 கிராம், அவற்றில் ஐம்பது 162 கிராம் வரும். பிற்காலத்து உருக்குச் சதம் 2.35 கிராம் மட்டுமே என்பதால் அதே குழல் 118 கிராமைக்கூட எட்டாது. 1996 வரை அச்சிட்டவற்றில் 95 வீதத்துக்கு மேல் செம்பு. 1997 இலிருந்து முதலில் துத்தநாகத்துக்கும் பின்னர் உருக்குக்கும் செப்பு முலாம் பூசினார்கள். பிரித்தறிவது எளிது. 1982 முதல் 1996 வரையான சதங்கள், பார்வையற்றோர் விரலால் அறியும்படி, பன்னிரண்டு பக்கங்களோடு வந்தன. உருக்குச் சதம் காந்தத்தில் ஒட்டும். வழமையான மேப்பிள் இலைக்குப் பதிலாகப் பறக்கும் புறா பொறித்த 1967 ஆம் ஆண்டுச் சதம், கனடாவின் நூற்றாண்டு நினைவாக வந்தது. அதை அப்பா தனிப் போத்தலில் வைத்தார்.

செம்பின் விலை ஏறிய ஆண்டுகளில் பழைய சதத்தின் உலோகம் அதன் முகமதிப்பைத் தாண்டியது. அதைக் கேள்விப்பட்டு மூட்டை மூட்டையாகச் சேர்த்தவர்களும் உண்டு. ஆனால் அனுமதிப் பத்திரம் இன்றிப் புழக்கத்து நாணயத்தை உருக்குவதைக் கனடாவின் நாணயச் சட்டம் தடுக்கிறது. அதே சட்டத்தின்படி ஒரு சதக் குற்றிகளில் 25 சதத்துக்கு மேல் செலுத்தினால் அதை ஏற்கவேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. ஆகவே வாளியோடு கடைக்குப் போகவும் முடியாது; குழல்களை வங்கிக்குக் கொண்டுபோவது ஒன்றே வழி. ஆங்கிலம் அதிகம் பேசாத அப்பாவுக்கு அந்த நடை நன்மையே செய்தது. வங்கியில் இருந்த பெண் அவரைப் பெயர் சொல்லி வரவேற்றார். இந்நாட்டில் எங்கள் உதவியில்லாமல் அவர் தனியாகச் செய்துவந்த அலுவல்களில் அதுவே முதலாவது.

ஒரு சதத்தை ஆக்க 1.6 சதம் செலவாகிறது என்று 2012 வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அவ்வாண்டு மே 4 அன்று வினிபெக்கில் கடைசிச் சதம் அச்சாயிற்று. 2013 பெப்ரவரி 4 இலிருந்து விநியோகமும் நின்றது. காசாகச் செலுத்தினால் மொத்தத் தொகையை ஐந்து சதத்துக்குக் கிட்டவாக முழுமைப்படுத்துவார்கள். அட்டையில் செலுத்துவோருக்குத் தொகை மாறாது. அரசின் கணக்கில் பிழையில்லை என்றே நான் நினைக்கிறேன், அப்பாவும் கணக்கர் என்ற முறையில் அதை ஒத்துக்கொண்டார். இருந்தும் 2.02 டொலருக்கு 2.00 டொலர் கொடுத்துவிட்டு வருவது அவருக்குக் கடைசிவரை கூச்சமாகவே இருந்தது.

பெற்றோரின் வீட்டை ஒதுக்கும்போது இத்தகைய வாளிகளை இப்போது பலர் கண்டெடுக்கிறார்கள். அவசரப்பட்டு அப்படியே கொட்டிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் காந்தத்தை ஓட்டுங்கள். பன்னிரண்டு பக்கம் கொண்டவற்றையும் அவற்றுக்கு முந்தியவற்றையும் புறாச் சதங்களையும் தனியே எடுத்து வையுங்கள். மற்றவற்றைக் குழல்களில் சுருட்டினால், காலவரையறை ஏதுமின்றி முகமதிப்புக்கே வங்கிகளில் மாற்றிக்கொள்ளலாம்.