சைக்கிள் ஓட்டும் பிள்ளைக்கு ஹெல்மெட்

மகள் ஹெல்மெட்டை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டபடி வந்து நின்றாள். தலை வேர்க்கிறதாம். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

சைக்கிள் ஹெல்மெட்டை உலகிலேயே முதலில் எல்லோருக்கும் கட்டாயமாக்கியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலையில். ஒரே வருடத்தில் அணிபவர்கள் 31 சதவீதத்திலிருந்து 75 சதவீதமானார்கள். ஆனால் பதின்வயதுப் பிள்ளைகள் பலர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஸ்வீடனில் 2005 முதல் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு மட்டும் கட்டாயம். பெரியவர்கள் வெறும் தலையோடு போகலாம். பிள்ளைகள் அதைக் கவனிக்காமலா இருப்பார்கள்?

சரி, நானும் ஒன்று வாங்கிவிட்டேன். இன்று காலை அவளுக்கு மாட்டிவிட்டு, புருவத்துக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்கிறதா, தாடைக்குக் கீழே வார் தொளதொளவென்று கிடக்கிறதா என்று பார்த்தேன். அப்புறம் அவள் எனக்குப் பார்த்தாள்.