லிமரிக்கின் குமிழிகளும் நேட்டாலின் கரும்புப் பாகும்

டர்பனில் கணிதம் கற்பிக்கும் என்னிடம், பிள்ளைகளை மேற்படிப்புக்கு அனுப்ப நினைக்கும் நம் பெற்றோர் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இங்கிலாந்தையும் ஆஸ்திரேலியாவையும் பற்றியவையாகவே இருக்கின்றன. அயர்லாந்தைப் பற்றி எவரும் கேட்பதில்லை. பொறியியலும் பயன்பாட்டுக் கணிதமும் ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்வதைக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர் முதலில் பார்க்க வேண்டிய நாடுகளில் அயர்லாந்தும் ஒன்று என்பது என் உறுதியான கருத்து. குறிப்பாக, கரும்பாலைகளுக்கு நடுவே வளர்ந்த நேட்டால் பிள்ளைகளுக்கு அங்கே கற்பதற்கு நிறைய இருக்கிறது.

அந்த நாட்டின் பழம்பெருமை பலரும் அறிந்ததே. டப்ளினின் வில்லியம் ரோவன் ஹாமில்டன் 1843 அக்டோபர் 16 அன்று ராயல் கால்வாயோரம் நடந்து செல்கையில் கண்டறிந்த குவாட்டர்னியன்கள் என்னும் நான்கு கூறுகள் கொண்ட எண்கள், இன்று விண்கலங்களின் திசையைக் கணிப்பதற்கும் கணினி வரைகலைக்கும் பயன்படுகின்றன. கார்க் நகரில் 1849-இல் குயின்ஸ் கல்லூரியின் முதல் கணிதப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவரும் கணினித் தர்க்கத்துக்கு அடித்தளமிட்டவருமான ஜார்ஜ் பூல், பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாதவர். செருப்புத் தைப்பவரின் மகன். இவர்களைவிட நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டியவர் என்று நான் கருதுவது ஆலிஸ் பெர்ரியை. கால்வே குயின்ஸ் கல்லூரியில் 1906-இல் முதல் வகுப்பில் பொறியியல் பட்டம் பெற்ற அவர், அன்றைய பிரிட்டனிலும் அயர்லாந்திலும் பொறியியல் பட்டம் பெற்ற முதல் பெண். மாவட்ட நில அளவைப் பொறியாளராக இருந்த தந்தை இறந்தபோது அந்தப் பணியைச் சில மாதங்கள் அவரே ஏற்று நடத்தினார். ஆயினும் நிரந்தர நியமனம் அவருக்குக் கிடைக்கவில்லை. கால்வே பல்கலைக்கழகத்தின் பொறியியல் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இன்றைய ஆய்வாளர்களைப் பற்றி. லிமரிக் பல்கலைக்கழகத்தில் 2006-இல் தொடங்கப்பட்ட மாக்சி என்னும் குழு, தொழிற்சாலைகளும் மருத்துவக் கருவி நிறுவனங்களும் கொண்டுவரும் கேள்விகளைக் கணிதமாக மாற்றித் தீர்ப்பதையே தன் வேலையாகக் கொண்டது. காபிப் பொடியின் வழியே வெந்நீர் இறங்கும்போது சாறு எவ்வாறு பிரிகிறது என்பதற்கு, பிலிப்ஸ் நிறுவன ஆய்வாளர்களுடன் சேர்ந்து அவர்கள் ஒரு கணித மாதிரியை உருவாக்கினார்கள். அரைக்கும்போது உடைந்த காபிக்கொட்டை உயிரணுக்களின் மேற்பரப்பிலிருந்து சாறு விரைவாகக் கழுவப்பட்டுவிடுகிறது. பெரிய துகள்களின் உட்புறத்திலிருந்து அது மெதுவாக ஊறி வருகிறது. இந்த இரு வேகங்களையும் தனித்தனியே கணக்கில் கொண்டதுதான் அந்த மாதிரியின் சிறப்பு.

அதே குழுவினர் ஆராய்ந்த இன்னொரு கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. அயர்லாந்தின் கருநிற ஸ்டௌட் பீரைக் கோப்பையில் ஊற்றியதும், விளிம்பையொட்டிய குமிழிகள் மேலே செல்லாமல் கீழே இறங்குவதைக் காணலாம். காற்றுக் குமிழி திரவத்தில் எப்படி மூழ்கும்? விடை கோப்பையின் வடிவத்தில் இருக்கிறது. அந்தக் கோப்பை அடியில் குறுகி மேலே அகன்றிருக்கும். குமிழிகள் நேராக மேலெழும்போது, வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும் சுவரிலிருந்து அவை விலகிவிடுகின்றன. சுவரருகே குமிழிகள் குறைந்து திரவம் அடர்த்தியாகிறது. அடர்த்தியான அத்திரவம் சுவர் வழியே கீழிறங்கும்போது, அங்கே எஞ்சியிருக்கும் சிறு குமிழிகளையும் இழுத்துச் செல்கிறது. கோப்பையின் வடிவத்தைத் தலைகீழாக்கினால் சுழற்சியும் எதிர்த்திசையில் திரும்பிவிடுகிறது.

மதுக்கோப்பையைப் பற்றிய இந்த ஆராய்ச்சி நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள், நேட்டாலின் சர்க்கரை ஆலை ஒன்றுக்குள் சென்று பார்க்க வேண்டும். கரும்புச் சாறு கெட்டியான பின், அழுத்தம் குறைக்கப்பட்ட பெருங்கொப்பரையில் அது கொதிக்க வைக்கப்படுகிறது. அழுத்தம் குறைவாக இருப்பதால் குறைந்த வெப்பத்திலேயே பாகு கொதிக்கிறது, சர்க்கரையும் கருகுவதில்லை. படிகம் வளர வளரப் பாகு இறுகி நகர மறுக்கிறது. அதை அடியிலிருந்து மேலே தூக்கிச் சுழற்றுவது கொதிப்பில் பிறக்கும் நீராவிக் குமிழிகளே. சுழற்சி மந்தமானால் படிகங்கள் சீராக வளர்வதில்லை. குமிழி திரவத்தை இயக்குகிறது, கலத்தின் வடிவம் அந்த இயக்கத்தின் திசையைத் தீர்மானிக்கிறது என்ற அடிப்படை இரண்டிலும் ஒன்றே. 1860-இல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றி வந்த ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் இந்தக் கரும்புக் காடுகளிலும் ஆலைகளிலும் உழைத்தார்கள். அவர்களின் கொள்ளுப்பேரர்கள் அதே கொப்பரைக்குள் நடப்பதைச் சமன்பாடுகளாக எழுதும் நாளை நான் ஆவலுடன் எதிர்பார்க்கிறேன். டர்பனிலேயே, குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழக வளாகத்தில், 1949-இல் தொடங்கப்பட்ட சர்க்கரை ஆலை ஆய்வு நிறுவனம் இருக்கிறது என்பதை நம்மவர்களில் எத்தனை பேர் அறிவார்கள்?

லிமரிக் குழு வளர்த்தெடுத்த வேலைமுறை அவர்களாகவே கண்டுபிடித்ததன்று. தொழிற்சாலையினரும் கணிதவியலாளரும் ஒரு வாரம் கூடி உழைக்கும் அந்த முறை 1968-இல் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. தொழிற்சாலையினர் திங்கட்கிழமை தங்கள் சிக்கலை விளக்குவார்கள். பேராசிரியரும் ஆய்வு மாணவரும் பதவி வேறுபாடு பாராமல் அதன்மீது உழைப்பார்கள். வெள்ளிக்கிழமை கண்டதைச் சொல்வார்கள். பெரும்பாலும் அது முழுத் தீர்வாக இராது. ஆனால் எந்தக் காரணி முக்கியம், எதைப் புறக்கணிக்கலாம் என்பது அதற்குள் தெளிவாகிவிடும். இத்தெளிவுதான் பொறியாளருக்கு வேண்டியது. தென்னாப்பிரிக்காவிலும் ஜோகன்னஸ்பர்கின் விட்ஸ் பல்கலைக்கழகம் 2004 முதல் இத்தகைய கூட்டங்களை நடத்தி வருகிறது. சர்க்கரை ஆலைகளின் சிக்கல்களும் அங்கே பேசப்பட்டிருக்கின்றன.

பெற்றோர் அறிய வேண்டிய செய்தி இன்னும் ஒன்று. அயர்லாந்து அரசின் ஆய்வு நிதியத்தின் ஆதரவில் முனைவர் பட்ட ஆய்வு செய்பவருக்கான உதவித்தொகை 2025 முதல் ஆண்டுக்கு 25,000 யூரோ. டப்ளின் வாடகையில் அதன் பெரும்பகுதி கரைந்துவிடும் என்பதால், லிமரிக், கால்வே போன்ற ஊர்களையும் சேர்த்தே எண்ணிப் பாருங்கள். அந்நாடு நமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. நம் ஸ்டாங்கரில் பிறந்த காதர் அஸ்மால், டப்ளினின் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் கற்பித்துக்கொண்டே நிறவெறிக்கு எதிரான இயக்கத்தை அங்கே கட்டியெழுப்பியவர்.

விண்ணப்பிக்கும் மாணவரிடம் நான் சொல்வது இதுதான்: பேராசிரியரின் கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அவருடைய குழுவிடம் தொழிற்சாலை ஒன்று கடைசியாகக் கொண்டுவந்த கேள்வி எது, அதில் ஆய்வு மாணவரின் பங்கு என்ன என்று கடிதத்திலேயே கேளுங்கள். அதற்கு முன்பே, ஜனவரியில் ஜோகன்னஸ்பர்க் சென்று நம் நாட்டுக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். முதுகலை மாணவர்களுக்கென்று அதையொட்டிப் பயிற்சி முகாமும் நடத்துகிறார்கள்.