பட்டுப்புழு மனைக் கழிவு

உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பட்டுப்புழு வளர்ப்பு மனைகளில், புழுக்கள் மிக அதிகமாகத் தின்னும் ஐந்தாம் வளர்ச்சிப் பருவத்தின் ஏழெட்டு நாட்களில், மிளகைப் போன்ற கரும்பச்சை எச்சம், தீனியாக இட்ட மல்பெரித் தண்டுகளுக்கிடையே அடர்ந்து சேர்கிறது. உரமூட்டைக்குக் கடன்படும் விவசாயி இதை வீணாக எரிப்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. ஆனால், பச்சையாகவே மல்பெரித் தோட்டத்தில் கொட்டுவதையும் நான் ஏற்கமாட்டேன். நோயுற்ற புழுக்களின் கிருமிகள் இலைவழியே மறுபடியும் மனைக்குள் நுழைந்துவிடக்கூடும். தண்டுகளைப் பொடியாக நறுக்கி, எச்சத்தோடு கலந்து, சாணக் கரைசல் தெளித்து, நிழலான குழியிலிட்டு, ஈரம் காயாமல் அவ்வப்போது புரட்டிவிட்டால், குவியல் கைபொறுக்காத அளவுக்குச் சூடேறி, பிறகு தணிந்து, மண்வாசம் வீசும் எருவாகிறது. தழைச்சத்து மிகுந்த இந்த எருவைத் தென்னைக்கும் காய்கறிக்கும் தயங்காமல் இடலாம்.